ஐந்தாம் திரி

"குத்துவிளக்குல அஞ்சாவது திரிய நான்தான் ஏத்துவேன் சார். இந்தக் கையால."

அம்சவேணி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். நெசவாளர் சங்க ஆபீசில் டீ உறிஞ்சிக்கொண்டிருந்த செயலாளர் பரமசிவம் டம்ளரை உதட்டிலிருந்து எடுக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா தையல்நாயகி, மகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்: "வேற இன்னா வோணா கேளு. வெளக்கு பேச்ச மட்டும் எடுத்துடாத." வழியெல்லாம் என்ன, அம்சா முதன்முதலாகச் சலங்கை கட்டிய நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிள்ளியது வலித்தது. அம்சா தொடையை நகர்த்திக்கொண்டாளே தவிர, சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

அவளுக்கு வலது கை முழங்கைக்கு நாலு விரல் கீழே முடிந்துவிடும். பிறந்ததே அப்படித்தான். அவர்கள் குடியிருந்த பிள்ளையார்பாளையத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். தையல்நாயகி மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றார்கள். அன்றைக்குப் பார்த்து அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கினாள் என்றார்கள். அந்தப் பெண்ணுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மட்டும் ஒருத்தரும் ஞாபகம் வைத்துக்கொண்டு பேசவில்லை. கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். குடும்பத்தில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போய் பி.காம். முடித்தாள். வீட்டு பீரோவில் இரண்டு சான்றிதழ்கள் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கின்றன. ஒன்று முதல் பட்டதாரி என்பதற்கு, இன்னொன்று அறுபது சதவீதம் ஊனம் என்பதற்கு. மீதி நாற்பது எதில் சேர்த்தி என்று கையெழுத்துப் போட்ட டாக்டரிடம் கேட்டாள். அவர், "அடுத்து யாரு?" என்றார்.

பரதம் கற்றுக்கொள்ளப் போன இடத்திலும் இதே கதைதான். "ரெட்டைக் கை முத்திரையெல்லாம் எப்படிம்மா வைப்ப?" என்று டீச்சர் இழுத்தார். "பாதிய நான் வெக்கறேன் டீச்சர். மீதிய பாக்கறவங்க வெச்சுக்கட்டும்" என்றாள் பன்னிரண்டு வயசு அம்சா. டீச்சர் சிரித்துவிட்டார், சேர்த்துக்கொண்டார்.

இப்போது இருபத்துநாலு வயசு. அறுபத்து மூன்று மேடை ஏறியாகிவிட்டது. ஆடி முடித்து, மூச்சு அடங்கியதும் மைக்கைப் பிடித்துப் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் ஊனமுள்ள பிள்ளையைக் கடைசி பெஞ்சில் தள்ளாதே, விளையாட்டுப் பீரியடில் மற்றவர்களின் புத்தகப்பைகளுக்குக் காவல் போடாதே, கல்யாண வீட்டில் விருந்தாளி கண்ணில் படாமல் உள்ளறையில் உட்கார வைக்காதே. கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது, "பாவம், நல்லா பேசுது" என்பார்கள். அந்த 'பாவம்' அவளுக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருக்கும்.

அறுபத்து மூன்று மேடையிலும் அவள் ஒரு விளக்கு ஏற்றியதில்லை. சிறப்பு விருந்தினர் ஏற்றுவார், அவர் மனைவி ஏற்றுவார், பந்தல் போட்டவர்கூட ஒருமுறை ஏற்றினார். அம்சா பக்கம் மெழுகுவத்தி வரும்போது யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். "உனக்கு எதுக்கும்மா சிரமம்?" சிரமம் அவளுக்கு இல்லை. இடது கையால் மங்கல விளக்கு ஏற்றுவதைப் பார்க்கிற சிரமம் அவர்களுக்கு.

பரமசிவம் டம்ளரைக் கீழே வைத்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. பயிற்சிக்குச் சங்கத்து ஹாலைச் சாவியோடு கொடுத்தவர். சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு 'அனைவரும் சமம்' என்று தலைப்பு வைத்து, அம்சாவின் நடனமும் பேச்சும்தான் முக்கிய நிகழ்ச்சி என்று கமிட்டியில் சண்டை போட்டு முடிவு பண்ணியவரும் அவர்தான்.

"அம்சா, நான் உன்ன கொற சொல்லலமா. மத்த விழான்னா நானே நெருப்புப் பெட்டி எடுத்துக் குடுப்பேன். அன்னிக்கு மேடையில அம்மன் பட்டு இருக்குது. அதுக்கு முன்னால இடது கையால வெளக்கு ஏத்தினா ஊர் ஒத்துக்குமா? நீயே சொல்லு."

அதற்குமேல் அம்மா கிள்ளத் தேவையிருக்கவில்லை. வாய் வரை வந்ததை அம்சாவே நாக்கைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் தெரு அம்மனுக்குச் சங்கத்தின் பெயரால் ஒரு பட்டுப்புடவை சாத்துவார்கள். அதை எந்தத் தறியில் நெய்வது என்பதற்கு இங்கே ஓட்டுப் போடாத குறையாகப் போட்டி. இந்த வருஷம் அது அம்சாவின் அப்பா கைலாசத்தின் தறிக்கு வந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை பின்னி இணைக்க வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒரு ஆளால் ஆகாது. தறிக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து உடலை நெய்வார். வலது ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை இழைகளுக்கு ஊடே நூல் சுற்றிய நாடாக் கட்டையை விடுவார்.

வழக்கமாக வலது ஓரத்தில் உட்காரும் கலைவாணி சித்தி, மகள் பிரசவத்துக்குத் தாமல் கிராமத்துக்குப் போய்விட்டாள். அம்மனுக்கு நாள் நெருங்கிவிட்டது. "நான் உக்காரறேன்பா" என்று அம்சா உட்கார்ந்துவிட்டாள். வலது ஓரத்தில் உட்காருகிறவருக்குத் துணிக்குப் பக்கத்தில் இருப்பது இடது கைதான். அந்தக் கையால் நாடாவை விட்டாள், குட்டைக் கையால் இழையை அழுத்திப் பிடித்தாள். பதினெட்டு நாள். வலது கரை முழுக்க அவள் வேலை.

புடவையைத் தறியிலிருந்து அறுத்துச் சங்கத்துக்குக் கொண்டுபோனபோது பரமசிவம் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். துணி பார்ப்பதில் அவரை ஏமாற்ற முடியாது. "கைலாசம், வலதுபக்கம் யாருய்யா ஒக்காந்தது? உன் பக்கத்தவிட சுத்தமா இருக்குது!"

 கைலாசம், "தாமல் ஆளு ஒருத்தருங்க. கூலிக்கு வந்தாரு" என்றார்.

உண்மை தெரிந்தால் புடவையைத் திருப்பிவிடுவார்கள். அடுத்த வருஷம் மட்டுமில்லை, இனி எந்த வருஷமும் அந்தத் தறி பக்கம் அம்மன் பட்டு வராது. அவருக்கு அந்தப் பயம். அதனால் இல்லாத ஒரு தாமல் ஆள் பிறந்தார். பாராட்டையும் அவரே வாங்கிக்கொண்டு போனார். அம்சா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை.

இப்போது ஆபீசில் அம்சா அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்ள, "பாக்கலாம்மா" என்று பரமசிவம் பேச்சை முடித்தார். அந்த ஆபீசில் 'பாக்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம்.

*

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நஸ்னீன் ஸ்கூட்டியை மேட்டுத் தெரு முனையில், விழா நடக்கப்போகிற கல்யாண மண்டபத்து வாசலில், சடக்கென்று நிறுத்தினாள். பின்னால் இருந்த அம்சா அவள் முதுகில் மோதிக்கொண்டாள். நஸ்னீன், ஜரிகைக் கடை மொய்னுதீன் பாயின் மகள். காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். அம்சா ஆடுகிற மேடையிலெல்லாம் லேப்டாப்பும் பாட்டும் அவள் பொறுப்பு.

"அடியே, மேல பாருடி. உனக்குக் கை மொளச்சிருக்குது!"

இருபதடி ஃபிளெக்ஸ். 'அனைவரும் சமம்' என்று ஆளுயர எழுத்து. நடுவில் அம்சா, அரைமண்டி ஆட்ட நிலையில், நகை நட்டோடு. ஒரு கை இந்தப்பக்கம். இன்னொரு கை அந்தப்பக்கம். ஐந்து விரலும் மருதாணியுமாக, முழுசாக.

அம்சாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சமம் என்பதை விளக்குவதற்கு எவ்வளவோ வழி இருக்க, எடுத்தவுடனே கையை ஒட்டவைத்து ஆளைச் சமமாக்கிவிட்டார்கள்!

நேராக ஃபிளெக்ஸ் கடைக்குப் போனார்கள். கடைக்கார விமல்ராஜ் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். "எப்படிக்கா இருக்குது? கை ஒண்ணு கொறையா இருந்துச்சு, நானே போட்டுட்டேன். அதுக்குக் காசு கூட வாங்கல."

"யாரு கேட்டா உன்ன?"

"யாரும் கேக்கலக்கா. அழகா இருக்கட்டுமேன்னு..."

"அப்ப இப்ப நான் அழகா இல்லையா?"

விமல்ராஜ் திணறினான். "ஐயோ, அப்படிச் சொல்லுவனாக்கா? நாளைக்கே எறக்கி வேற போட்டுடறேன்."

நஸ்னீன் வாசலில் நின்று செல்போனில் எடுத்த படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா... அம்சா, கட்ட வெரல பாருடி!"

அம்சா பார்த்தாள். விமல்ராஜ் இருந்த கையையே நகல் எடுத்து, திருப்பிப் போட மறந்து, அப்படியே ஒட்டியிருந்தான். இரண்டு கட்டை விரலும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஊர் நடுவே இருபதடி உயரத்தில் அம்சவேணிக்கு இரண்டு கை. இரண்டும் இடது கை.

கோபம் இருந்த இடத்திலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு விமல்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எறக்கிடறேன்கா, சத்தியமா" என்றான்.

"எறக்கின, தொலச்சிடுவேன். அது அங்கயே இருக்கட்டும்."

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. அன்றைக்குத் தறிக்கு லீவு. முன்வரிசையில் கமிட்டி ஆட்கள், அதற்குப் பின்னால் நெசவாளர் குடும்பங்கள், ஓரத்தில் மூன்று பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பிள்ளைகள். மேடையில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அரக்கும் பச்சையுமாக அம்மன் பட்டு. பக்கத்தில் மல்லிகைச் சரம் சுற்றிய ஐந்துமுகக் குத்துவிளக்கு. விழா முடிந்ததும் புடவை மேளதாளத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும்.

சிறப்பு விருந்தினராக வந்த பெண் அதிகாரி முதல் திரியை ஏற்றினார். சங்கத் தலைவர் இரண்டாவது. கோயில் தர்மகர்த்தா மூன்றாவது. பரமசிவம் நாலாவது.

மைக்கில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: "ஐந்தாவது திரியை, நமது தன்னம்பிக்கைத் தாரகை அம்சவேணி அவர்கள் சார்பாக, செயலாளரின் புதல்வி மஹாலட்சுமி ஏற்றிவைப்பார்!"

சார்பாக. நடன உடையில், நெற்றிச்சுட்டியோடு, விளக்குக்கு இரண்டடி தள்ளி உயிரோடு நின்றுகொண்டிருக்கிறாள் அம்சா. அவள் சார்பாக!

பிளஸ் டூ படிக்கிற மஹாலட்சுமி பட்டுப் பாவாடை தடுக்க வந்து, அப்பா கையிலிருந்து மெழுகுவத்தியை வாங்கினாள்.  அம்சா இடது கையை அந்தப் பெண்ணுக்கு முன்னால் நீட்டினாள். அவ்வளவுதான். 

மஹாலட்சுமி நீட்டிய கையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே 'ஏத்து' என்றார். அவள் ஏற்றவில்லை.

"அப்பா, இது அக்காவோடதுபா. நான் ஏத்த மாட்டேன்" என்று மெல்லச் சொன்னாள். மெல்லச் சொன்னதை மைக் பிடித்து மண்டபம் முழுக்கப் பரப்பிவிட்டது.

பரமசிவத்துக்கு முகம் கறுத்தது. மெழுகுவத்தியைப் பிடுங்கித் தானே ஏற்றுவதற்குக் கையை நீட்டினார். சரியாக அந்த நொடியில் ஸ்பீக்கர் இரண்டும் அதிர வாழ்த்துப் பாடல் ஆரம்பமாகிவிட்டது. பாட்டு ஒலித்தால் யாரும் அசையக் கூடாது. நீட்டின கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு பரமசிவம் விறைப்பாக நின்றார். அதிகாரி நின்றார். மண்டபமே நின்றது. மேடை ஓரத்தில், லேப்டாப்புக்குப் பின்னால், நஸ்னீன் எல்லாரையும்விட விறைப்பாக, ஒன்றும் அறியாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி விளக்குப் பக்கம் போவதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. நாலு திரி எரிந்தது. ஐந்தாவது எண்ணெயில் நனைந்து கறுப்பாகக் கிடந்தது. முன்வரிசைப் பெண்கள் அதையே பார்த்துப் பார்த்துப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை, அம்மன் பட்டு, குறை விளக்கு. சகித்துக்கொள்ள முடியாத காட்சிதான்.

தலைவர் உரை, ஆண்டறிக்கை, பொன்னாடை எல்லாம் தலைவிதியே என்று நடந்து முடிந்தன. பிறகு அம்சா ஆடினாள்.

வணக்கத்தில் ஆரம்பித்தாள். இடது கை நெஞ்சுக்கு நேராகக் குவிந்து நின்றது. வலது கை அதற்குப் பக்கத்தில், எவ்வளவு உண்டோ அவ்வளவோடு வந்து நின்றது. நீளக் கை வைத்த ஜாக்கெட் தைத்துக் கொடுத்து அதை மறைக்கச் சொல்லியிருந்தார்கள். காலையில்தான் கத்திரிக்கோல் எடுத்து அந்த ஜாக்கெட் கையை வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டாள். பொடியாக மருதாணியும் வைத்திருந்தாள், முனையில், வட்டமாக.

ஆடியது தறியைத்தான். விடியலில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரிப்பதை ஆடினாள். அறுந்த இழையைக் கண்ணைச் சுருக்கித் தேடுவதை ஆடினாள். தேடிக் கிடைத்ததும் எச்சில் தொட்டு முறுக்குவதை அவள் காட்டியபோது பின்வரிசையில் ஒருத்தர், "அட, கைலாசம் அப்படியே!" என்று கத்தினார். சிரிப்பலை எழுந்தது. பிறகு கால் வேகம் பிடித்தது. மேடைப் பலகையில் சலங்கை விழுந்த கதியில் நெசவாளர்கள் தங்களை அறியாமல் தொடையில் தாளம் போட்டார்கள். இரட்டைக் கை முத்திரை வரும் இடத்தில் அவள் இடது கையைப் பாதி மலராகப் பிடித்து, மீதிப் பாதியைக் கண்ணால் பார்த்தாள். பார்த்த இடத்தில் மீதி மலரும் இருப்பதுபோல இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் தங்கள் கையை நீட்டி அந்தப் பாதியை வைத்துக்கொடுத்தார்கள்.

முடிந்ததும் கைதட்டல். மூச்சு வாங்க, மைக்கைக் கழற்றி எடுத்தாள்.

"எல்லாரும் வாசல்ல ஃபிளெக்ஸ் பாத்துட்டுத்தான வந்தீங்க? அதுல எனக்கு எத்தன கை?"

"ரெண்டு!" என்றார்கள் பிள்ளைகள்.

"வீட்டுக்குப் போவும்போது கட்ட வெரல பாருங்க. ரெண்டுமே இடது கை."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மண்டபம் குலுங்கியது. இரண்டு பேர் எழுந்து வாசலுக்கே ஓடிப் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கும்வரை அம்சா காத்திருந்தாள். மனப்பாடம் பண்ணிய பேச்சு நான்கு பக்கம் இருந்தது. அதில் ஒரு வரிகூட அவளுக்கு இப்போது தேவைப்படவில்லை.

"என்ன மேடைக்குக் கூப்புடறீங்க. மால போடறீங்க. தாரகைன்றீங்க, நட்சத்திரம்ன்றீங்க. வெளக்கு ஏத்தறேன்னு சொன்னா மட்டும் என் சார்பா வேற ஆள் வந்து நிக்குது. ஏன்? இடது கை ஆகாது. சரி, ஆகாத கை எதுன்னு இன்னிக்குப் பாத்துடலாம். தறியில உக்காரறவங்க எல்லாம் எந்தக் கையால நாடா விடறீங்களோ அந்தக் கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. முதலில் வலது. பிறகு, யோசித்து, இடது. ஒரு பக்கம் விட்டால் மறுபக்கத்திலிருந்து திரும்ப விட்டாகவேண்டும், தறியில் வேறு வழி இல்லை. முந்நூறு பேர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப வலது கைய எறக்குங்க."

இறக்கினார்கள். மண்டபம் முழுக்க இடது கைகள். காய்ப்பு ஏறிய, ஆள்காட்டி விரலில் இழை அறுத்த கோடு விழுந்த இடது கைகள்.

"நீங்க நெய்யற பொடவையில பாதி, இந்தக் கை நெய்ததுதான். அதக் கட்டிக்கினுதான் ஊரெல்லாம் தாலி ஏறுது. அத உடுத்திக்கினுதான் சாமி வீதியில வருது. துணியில ஒட்டாத தீட்டு, நெருப்புல மட்டும் எங்கருந்து வந்து ஒட்டிக்கும்?"

யாரோ விசில் அடித்தார்கள். அம்சா சிரிக்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் அப்பாவைப் பார்த்தாள். அவர் இடது கை இன்னும் மேலேயே இருந்தது. பக்கத்தில் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் அந்தத் தறிக்கு அம்மன் பட்டு போச்சு. சொல்லாவிட்டால் இவ்வளவு நேரம் பேசியது வெறும் வாய்ஜாலம்.

"இதோ இருக்குதே அம்மன் பட்டு, இதுல வலது கர முழுக்க..."

"என் பொண்ணு நெய்தது!"

கைலாசம் எழுந்துவிட்டார். மேடையில் ஒரு நாளும் பேசாத மனுஷர், நின்ற இடத்திலிருந்தே தொண்டை கிழியக் கத்தினார். "தாமல் ஆளு யாரும் வர்ல. நான்தான் பொய் சொன்னேன். பதினெட்டு நாளும் என் பொண்ணுதான் ஒக்காந்தா. அந்தக் கையாலதான்."

 தர்மகர்த்தா நாற்காலியில் நெளிந்தார். "இன்னாய்யா இது, அம்மன் விசயத்துல போய்..." என்று கமிட்டி வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்தது.

அதை வெட்டியது கலைவாணி சித்தியின் குரல். தாமலிலிருந்து காலையில்தான் பஸ் பிடித்து வந்திருந்தாள். "இன்னாங்கடா முணுமுணுக்கிறீங்க? கோர்வ நல்லா இருக்குதா இல்லியா, அத்த மொதல்ல பாருங்க! சேரலன்னா கிழிச்சுப் போடுங்க. சேந்திருந்தா வாய மூடுங்க!"

எல்லார் கண்ணும் பரமசிவத்தின் மேல் விழுந்தது. கோர்வையைப் பார்த்துச் சொல்வதற்கு அந்த ஊரில் அவரைவிட்டால் ஆள் இல்லை.

அவர் எழுந்தார். கை கால் கழுவிக்கொண்டு வந்தார். தாம்பாளத்திலிருந்து புடவையை எடுத்து இரண்டு முழம் பிரித்து, மேடை விளக்குக்கு எதிரே பிடித்தார். இடது கோர்வையைப் பார்த்தார். வலது கோர்வையைப் பார்த்தார். இணைப்பில் கட்டை விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். இதே புடவையை இதே மாதிரி பிடித்து ஊரறியப் பாராட்டியவர் அவர். இப்போது 'சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் காப்பாற்றப்பட்டுவிடும். சங்கத்து மானம், கமிட்டி மானம், காலையிலிருந்து காற்றில் பறந்துகொண்டிருந்த அவருடைய மானம்.

ஆனால் மனுஷருக்கு ஒரு குறை உண்டு. எதில் வேண்டுமானாலும் சமாளிப்பார், துணியில் அவருக்குப் பொய் வராது.

"வலதுதான்" என்றார்.  மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி மறுபடி சொன்னார். "வலதுபக்கக் கோர்வதான் நல்லா இருக்குது. ஒரு ஓட்ட இல்ல. முப்பது வருசமா பாக்கறேன், இப்படி நாலு பொடவதான் பாத்திருக்கேன்."

பின்வரிசையிலிருந்து வந்தது முதல் குரல். "அப்பறம் இன்னா? ஏத்துமா!"

"ஏத்து அம்சா!"

"ஏத்துக்கா!" என்று பள்ளிப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெண்குழந்தை இரண்டு சக்கரத்தையும் முன்னும் பின்னும் ஆட்டிக் கூச்சல் போட்டது.

மஹாலட்சுமி மெழுகுவத்தியைப் பற்றவைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அம்சா இடது கையால் வாங்கினாள்.   எண்ணெயில் ஊறிக்கிடந்த திரி முதலில் சடசடத்தது, புகைந்தது, வீம்பு பிடித்தது. அவள் சுடரை வைத்த இடத்திலிருந்து எடுக்கவே இல்லை. குப்பென்று பிடித்துக்கொண்டது.

சுடர் எழுந்ததுமே, ஊர்வலத்துக்காகக் காத்திருந்த நாதஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே கெட்டிமேளத்துக்கு ஜாடை காட்டிவிட்டார். கல்யாண மண்டபத்துப் பழக்கம். தவிலும் நாதஸ்வரமும் கொட்டி முழக்க, முன்வரிசைப் பெண்கள் பழக்கதோஷத்தில் அட்சதை தேடினார்கள். தையல்நாயகி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்த கலைவாணி, "அழுவாத, நிமுந்து பாருடி. உன் பொண்ணு கொளுத்திட்டா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

*

மேடைக்குப் பின்னால் இருந்த மணப்பெண் அறையில் அம்சா சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையாலும் பல்லாலும் அவிழ்ப்பாள். யாரையும் உதவிக்கு விடமாட்டாள். நஸ்னீன் லேப்டாப் வயரைச் சுற்றிக்கொண்டே, "நீ இன்னிக்கு வெளக்குதான் ஏத்துன. எங்க வீட்ல நான் இடது கையால பிரியாணி எடுத்தா எங்க அத்தா பாக்கற பார்வைக்கு நான் தனியா ஒரு மாநாடு போடணும்" என்றாள்.

வாசலில் மேளம் கிளம்பும் சத்தம் கேட்டது. புடவை கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டது.

பரமசிவம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கூடவே தையல்நாயகியும் கைலாசமும். அவர் முகத்தில் காலையிலிருந்த கறுப்பு இல்லை. "நல்லா பேசினமா. அந்த ஆபீசரம்மா, மாவட்டத்துல இருக்கற ஸ்கூலுக்கெல்லாம் உன்ன அனுப்பணும்னு சொல்லிட்டுப் போனாங்க. கைலாசம், அடுத்த வருசமும் அம்மன் பட்டு உன் தறிதான். கமிட்டியில எவன் இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கறேன். வலதுபக்கம் அம்சாவே ஒக்காரட்டும்."

கைலாசம் கும்பிட்டார். 

பரமசிவம் கிளம்பப் போனவர், கதவில் கை வைத்துத் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணும்மா. ஊர்வலத்துல நெய்தவங்க குடும்பமும் வரணும். பட்டு சாத்தினதும் பூசாரி குங்குமம் குடுப்பாரு. அத மட்டும் உனக்கும் சேத்து அம்மா வாங்கி வெச்சி விடட்டும். இது மண்டபம், ஆச்சு. அது கோயில். அங்க கைய நீட்டிடாத. இன்னிக்கு ஒரு நாளைக்கு இது போதும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாரும் நல்ல மனசோடு, ஒரு கதவைத் திறந்து, அடுத்த கதவுக்குத் தாழ்ப்பாள் எங்கே என்று காட்டிவிட்டுப் போகிறார்கள்.

தையல்நாயகி மகள் தொடைக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்ததை இன்றைக்கும் சொல்லலாமா என்று யோசித்தமாதிரி இருந்தது. கடைசியில், "சலங்கைய நான் எடுத்துக்கறேன், குடு. வெயிலா இருக்குது, பாத்துப் போ" என்றாள்.

அம்சா சலங்கையை அம்மாவிடம் கொடுத்தாள். குழாயடியில் போய் இடது கையைக் கழுவினாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டி எடுத்து, நடன உடையின் மேலாக்கில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாமா, சொன்னது கேட்டுச்சா?" என்றார் பரமசிவம்.

"கேட்டுச்சு சார்."

சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த மண்டபத்தைக் கடந்து, வாசல் படியிறங்கி, இடது கையை வீசிக்கொண்டு, மேளம் போகிற கோயில் திசையில் தெருவுக்குள் வேகமாக நடந்தாள்.